இரண்டும் இடது கால்

ஆம்பூர்,
26.7.1999

மதிப்பிற்குரிய 'நீலக்குடை வரிசை' ஆசிரியர் அவர்களுக்கு,

ஆம்பூரிலிருந்து கெசியா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அப்பாவும் அம்மாவும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருக்கிறீர்களா? கடிதம் என்றால் முதலில் வீட்டிலுள்ள எல்லாரையும் பெயர் சொல்லி விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் அப்பா ஜெபராஜ் அவர்களின் கண்டிப்பு. தங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாததால், பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் அன்பையும் தாங்களே பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிடவும். ஓவியர் பூவரசன் அவர்களையும் நான் விசாரித்ததாகச் சொல்லவும். அவர் வரைந்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவர்மேல் குறை ஒன்றும் இல்லை. குறை என்மேல்தான் வந்து விழுந்திருக்கிறது.

தொடங்கும்போதே ஒரு விண்ணப்பம். இந்தக் கடிதத்தை வாசகர் பக்கத்தில் போடுவதாக இருந்தால் என் பெயரைப் போட வேண்டாம். 'ஆம்பூர் வாசகி' என்றால் போதும். நாலு பேர் இருக்கும் இடத்தில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்குக் காது சிவந்துவிடும். அச்சில் வந்தால் எது எது சிவக்கும் என்று தெரியவில்லை. தங்கள் துப்புப் போட்டியில் முதலாவதாக வருபவரின் முகத்தை அடுத்த வரிசையின் அட்டையில் வரைவோம் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஒருவேளை நான்தான் அந்த ஆள் என்றால், தயவுசெய்து முகம் வேண்டாம். பின்பக்கமாக நிற்பதுபோல வரைந்தால் போதும், ஜடை தெரியும்.

எனக்குப் பதினேழு வயது. ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். அம்மா குணமாகித் திரும்பி வந்துவிட்டார், பள்ளிக்கூடம்தான் திரும்பி வரவில்லை. இரண்டு வருடமாக இங்கே ஒரு ஷூ கம்பெனியில் இருக்கிறேன். என் வேலை ஜோடி சேர்ப்பது. மேஜைக்கு ஒரு பக்கம் இடது ஷூக்கள் வரும், மறுபக்கம் வலது ஷூக்கள் வரும். நம்பர் ஒன்றா, நிறம் ஒன்றா, தோலில் இருக்கும் வரிகூட ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒரு இடதையும் ஒரு வலதையும் பெட்டிக்குள் தலைமாற்றிப் படுக்க வைத்து, 'செக்கர் 14' என்று அச்சடித்த சின்னச் சீட்டை உள்ளே போட்டு மூட வேண்டும். அந்த செக்கர் 14 நான்தான். குறையுள்ள ஷூ வந்தால் குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியாக வைக்க வேண்டும். இந்த வேலையில் யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஷூ எதுவும் நம்மைப் பார்த்து "ஏன் பேச மாட்டேங்கிற?" என்று கேட்காது. இரண்டு வருடத்தில் என் மேஜையிலிருந்து ஒரு ஜோடிகூடத் தப்பாகப் போனதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் நடந்ததற்காகச் சொல்கிறேன்.

தங்கள் 'நீலக்குடை வரிசை' புத்தகங்களைப் பஸ் ஸ்டாண்டு கடையில் மாதாமாதம் வாங்கிவிடுவேன். ஊரில் யாருக்கு எது தொலைந்தாலும் நாலு பிள்ளைகள் தேடிக்கொண்டு கிளம்புவதும், அவர்கள் போய்ச் சேரும் முன்பே தொலைந்த பொருள் ஒரு நீலக்குடைக்கு அடியில் பத்திரமாக இருப்பதும், குடையை வைத்தவர் யார் என்று மட்டும் தெரியாமலே கதை முடிவதும் எனக்கு மிகவும் பிடிக்கும். நல்லது செய்துவிட்டு முகத்தைக் காட்டாமல் போகிறவர் என்றால் எனக்கு அவர் யாரோ இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து தனியாகப் படிப்பேன். பதினோராவது புத்தகத்தில் தாங்கள், "நீலக்குடைக்காரர் யார்? இதுவரை வந்த எல்லாப் புத்தகங்களின் படங்களிலும் துப்பு ஒளிந்திருக்கிறது. ஜூலை 31க்குள் எழுதுங்கள்" என்று போட்டீர்களே, அன்றோடு என் தனிமை போயிற்று.

அன்றைக்கு நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். படத்தைப் பார்த்துக்கொண்டே, எனக்கு நானே சொல்லிக்கொள்வதாக நினைத்து, கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் சங்கீதா உட்கார்ந்திருந்தாள். சங்கீதா ஒடுகத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். பெட்டிகளை அட்டைப்பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. அவள் காதில் ஒன்று விழுந்தால் அது பஸ்ஸிலுள்ள ஐம்பது பேர் காதிலும் விழுந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

"இன்னாடி சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

"இப்ப ஏதோ சொன்னியே. ரெண்டும் இன்னா?"

"இந்தத் தபால்காரருக்கு ரெண்டும் இடது ஷூ."

சங்கீதா புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுக்கும் உடனே தெரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் யாருக்குத்தான் தெரியாது? உள்வளைவு இரண்டு ஷூவிலும் ஒரே பக்கம் இருக்கிறது. மூன்றாவது புத்தகத்தில் அவர் சைக்கிளில் வருகிறார், இரண்டும் இடது. ஆறாவதில் கிணற்றடியில் நிற்கிறார், இரண்டும் இடது. ஒன்பதாவதில் திருவிழாவில் ராட்டினத்தில் சுற்றுகிறார், கால் தொங்குகிறது, அங்கேயும் இரண்டும் இடதுதான். வேறு யாருக்கும் இப்படி இல்லை. வாத்தியாருக்கு ஜோடி சரியாக இருக்கிறது, போலீஸ்காரருக்கும் சரியாக இருக்கிறது. தபால்காரருக்கு மட்டும் ஏன்?

அடுத்த நாள் பதினோரு புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். கொண்டுபோனது என் தப்பு. சாப்பாட்டு மேஜையில் டிபன் பாக்ஸுக்கு இடமில்லாமல் புத்தகங்களைப் பரப்பி, நாங்கள் தோலைப் பார்ப்பதுபோலவே படங்களை வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். சந்தேகமான இடத்தில் எல்லாம் ஆளுக்கு ஒரு சிவப்பு அம்பு ஒட்டினார்கள். அந்த ஸ்டிக்கர் தோலில் ஒட்டினால் பூப்போல உரிந்து வரும், காகிதத்தில் ஒட்டினால் படத்தோடுதான் வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. நாலாவது புத்தகத்தில் பஞ்சாயத்துத் தலைவருக்கு இப்போது மூக்கு இல்லை. ஒருத்தி கோழிகளை எண்ணினாள், ஒருத்தி ஜன்னல் கம்பிகளை எண்ணினாள். சங்கீதா மட்டும் எதையும் எண்ணாமல் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, "அந்த இட்லிக்கடை அக்காதான்டி. மழை பேஞ்சாலும் கடையை மூடல, நனையவும் இல்ல. குடை இல்லாம எப்படி?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நான்கூடச் சிரித்தேன். "கடைக்குக் கூரை இருக்குடி" என்று யாரோ சொன்னார்கள். சங்கீதா கோபித்துக்கொண்டு ஊறுகாயை மூடிவிட்டாள்.

ஆக, விடை தபால்காரர்தான் என்று முடிவாயிற்று. எங்கள் காரணத்தைத் தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். கடையில் ஷூ வாங்குகிறவருக்கு இரண்டு இடது கிடைக்காது. இரண்டு இடது கிடைக்கும் இடம் உலகத்திலேயே ஒன்றுதான், அது ஷூ கம்பெனியில் கழித்துப்போட்ட சரக்கு கிடக்கும் பெட்டி. அப்படியென்றால் இந்தத் தபால்காரர் உண்மையில் தபால்காரர் இல்லை, முன்பு ஷூ கம்பெனியில் வேலை செய்தவர். ஷூ கம்பெனியில் வேலை செய்தவர் என்றால் தொலைந்ததைக் கண்டுபிடிக்கும் கண் இருக்கும், செய்த வேலையில் பெயர் போடாத பழக்கமும் இருக்கும். ஆகவே நீலக்குடைக்காரர் அவர்தான், அவருடைய சொந்த ஊர் ஆம்பூராகத்தான் இருக்க வேண்டும், பேரணாம்பட்டாகவும் இருக்கலாம். இதுதான் என் விடை. இதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

இனி நடந்த கஷ்டங்கள். எங்கள் சூப்பர்வைசர் முனவ்வர் பேகம். நாங்கள் முனவ்வர் அக்கா என்போம், அவர் வரும் சத்தம் கேட்டால் எதுவும் பேச மாட்டோம். மூன்றாம் நாள் சாப்பாட்டு மணி முடிந்து பத்து நிமிடம் ஆகியும் யாரும் எழுந்திருக்காததால் அவர் வந்துவிட்டார்.

"இன்னா பொண்ணுங்களா இது? லைன் காலியா நிக்குது, இங்க பொம்மை பாத்துக்கினு இருக்கீங்க? ஸ்டோர்ல அம்பு ஸ்டிக்கர் ரெண்டு ரோல் கம்மியா இருக்குதுன்னு பேஜாரா இருக்கு எனக்கு. யாரு புக்கு இது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் காலைப் பார்த்தேன். பதினோரு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனால் மறுநாள் அவர் என் மேஜைப் பக்கம் வந்து பெட்டி எண்ணும்போது அவர் முழங்கையில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. அதற்கு அடுத்த நாள் ஸ்டோர் ரூமுக்கு நூல்கண்டு எடுக்கப் போன சங்கீதா பார்த்திருக்கிறாள், பெரிய லென்ஸ் வைத்த விளக்கைப் போட்டுக்கொண்டு முனவ்வர் அக்கா ஏழாவது புத்தகத்தின்மேல் குனிந்திருக்கிறார். சங்கீதாவைப் பார்த்ததும் மூடவில்லை. "வா இங்க. இந்தாளு ஷூவுல ஒரு இன்ச்சுக்கு எத்தனை தையல் இருக்குது, நீயே எண்ணு. எட்டு. இன்னொண்ணு பாரு. அதுவும் எட்டு. ஒரே ஷூவ ரெண்டு வாட்டி போட்டிருக்கான்டி!" என்றாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத யார்கிட்டயும் சொல்லாத" என்றாராம். சங்கீதாவிடம்.

இதோடு நின்றிருந்தால் நான் தங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது. போன திங்கட்கிழமை, ஏற்றுமதிக்குப் போகும் சரக்கைப் பார்க்க ஜெர்மனி கம்பெனியின் இன்ஸ்பெக்டர் வந்தார். ஆயிரத்து இருநூறு பெட்டியில் அவர் கைபோன போக்கில் பத்துப் பெட்டியைத் திறப்பார். ஒன்பது திறந்தார், சரியாக இருந்தது. பத்தாவதைத் திறந்தார். உள்ளே நாற்பத்தொன்றாம் நம்பர், கறுப்பு, இரண்டும் இடது. சீட்டில் செக்கர் 14.

அது எப்படி நடந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று நாள் தபால்காரரின் காலையே பார்த்து, புத்தகம் போன பிறகும் மனசுக்குள் அதையே பார்த்துப் பார்த்து, இரண்டு இடது சேர்ந்து நிற்பது என் கண்ணுக்குப் பழகிவிட்டது. சரியான ஜோடியைப் பார்த்தால்தான் ஏதோ இடறுவதுபோல இருந்தது. அந்தப் பெட்டியை மூடும்போது, "இது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது" என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் ஒன்றும் சத்தம் போடவில்லை. பேனாவை எடுத்து அந்த இடது ஷூக்களில் ஒன்றின் மூக்கில் பெரிய பெருக்கல் குறி போட்டார், அவ்வளவுதான். அது அழியாத மை. மற்ற இடதுக்கு என் மேஜையில் மிச்சம் நின்ற ஒரு வலது ஜோடியாகிவிட்டது. இன்னொரு வலது தனியாக நின்றுவிட்டது. அந்தத் தனி வலது ஷூவைத் தரக்கட்டுப்பாடு மேனேஜர் கோதண்டராமன் சார் எடுத்துப்போய்த் தன் மேஜைமேல், ஃபைல்களுக்கு நடுவில், எனக்கு எதிர்சாட்சியாக நிறுத்திவைத்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டனுப்பினார். நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று படியேறும்போதே மனப்பாடம் செய்துகொண்டேன். உள்ளே போனதும் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்.

"ஏம்மா, ரெண்டு வருஷமா ஒரு தப்பு இல்ல. இப்ப எப்படி வந்துது?"

"தபால்காரர் சார்."

"எந்தத் தபால்காரர்?"

"ரெண்டும் இடது சார்."

"தபால்காரர் உள்ள வந்தாரா?"

மனசுக்குள் வந்தார்தானே. தலையை ஆட்டினேன்.

"எத்தனை நாளா வர்றாரு?"

"பதினோரு மாசமா சார்."

கோதண்டராமன் சார் எழுந்து நின்றுவிட்டார். "நீ போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார். எவ்வளவு நல்லவர், ஒரு வார்த்தை திட்டவில்லையே என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் எதைப் பார்த்துக்கொள்கிறார் என்பது மறுநாள் பத்து மணிக்குத் தெரிந்தது.

எங்கள் பகுதிக்குத் தபால் கொண்டுவருகிறவர் பெருமாள் அண்ணன். பதினெட்டு வருடமாக வருகிறவர், கம்பெனி கேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார், உள்ளே ஒரு அடி வைத்ததில்லை. அன்றைக்குக் கேட்டில் வாட்ச்மேன் ஜியாவுல்லா பாய் அவரை நிறுத்தியிருக்கிறார். நூல் வெட்டும் பெண்கள் ஜன்னல் வழியாக முழுவதையும் கேட்டிருக்கிறார்கள்.

"காலைக் காட்டு பெருமாளு."

"இன்னா பாய், லெட்டர் குடுக்க வந்தவன்கிட்ட காலைக் காட்டுன்ற?"

"மேல ஆர்டரு. தபால்காரர் வந்தா ஷூவ செக் பண்ணி உள்ள சொல்லணும்."

"நான் செருப்புதானே போட்டிருக்கேன்?"

"அப்ப ஷூவ எங்க வச்ச?"

"எந்த ஷூவ?"

"ரெண்டு இடது."

பெருமாள் அண்ணன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, பதினெட்டு வருடத்தில் தான் கொண்டுவந்த மணியார்டர்களையும் தந்திகளையும் சொல்லிச் சொல்லி, "இத்தனையும் குடுத்த கையி இது, என் காலைப் பாக்கிறீங்களா?" என்று கேட்டாராம். பையையும் திறந்து காட்டச் சொன்னதும் அவருக்குக் கோபம் ஜாஸ்தியாகிவிட்டது. "இனிமே உங்க கம்பெனிக்கு வர்ற லெட்டரக் குடுப்பேன், அது என் டூட்டி. உங்ககிட்டேர்ந்து ஒரு லெட்டர் வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதனால்தான் இந்தக் கடிதத்தை வழக்கம்போல அவரிடம் கொடுக்க முடியவில்லை. தெருமுனைப் பெட்டியில் போடலாம் என்றால் அதைத் திறப்பதும் அவர்தான், என் கையெழுத்து அவருக்குத் தெரியும். சங்கீதாவிடம் கொடுத்தனுப்புகிறேன், ஒடுகத்தூரில் போடுவாள்.

கடைசியில் முனவ்வர் அக்காதான் மேலே போய், தபால்காரர் காகிதத்தில் இருக்கிறவர் என்று விளக்கியிருக்கிறார். கோதண்டராமன் சார் என்னை மறுபடி கூப்பிட்டார். மேஜைமேல் என் மூன்றாவது புத்தகம் விரிந்திருந்தது, பக்கத்தில் அந்த வலது ஷூ. சார் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எனக்குச் சரியாத்தாம்மா தெரியுது. ஒரு காலு இடது, ஒரு காலு வலது."

"இல்ல சார்."

"இன்னா இல்ல?"

"ரெண்டும் இடது சார்."

அவருக்கு எதிரில் நான் 'இல்லை' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. முனவ்வர் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சார் பெருமூச்சு விட்டார். "தோ பாரும்மா. ஒரு கம்பெனி நடத்தி, புக்கு போட்டு, ஊரு பூரா விக்குறாங்க. அவங்க ஒருத்தருக்கும் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? கண்ணு களைச்சுப்போச்சு உனக்கு. இல்லாத தப்பு தெரியுது, இருக்கிற தப்பு தெரியல. வரைஞ்சவரே வந்து ரெண்டும் இடதுதான்னு ஒத்துக்கட்டும், நான் உன்ன மறுபடி ஜோடி மேஜையில உக்கார வைக்கிறேன். அதுவரைக்கும் நூல் வெட்டு."

ஆகவே இப்போது நூல் வெட்டுகிறேன். ஷூவில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிடுவது. கஷ்டமான வேலை இல்லை. ஆனால் அங்கே பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து நாள் பூராவும் பேசிக்கொண்டே இருப்பார்கள், நானும் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். "தபால்காரர் சௌக்கியமா?" என்று தினமும் கேட்கிறார்கள். வெட்டின ஷூ எந்த ஜோடியோடு சேர்கிறது என்றுகூடப் பார்க்க முடியாது. என் மேஜையில் இப்போது வேறொரு பெண். 'செக்கர் 14' சீட்டுக் கட்டு இன்னும் டிராயரில் இருக்கிறது என்று சங்கீதா சொன்னாள்.

ஐயா, எனக்குப் பரிசு வேண்டாம், அட்டையில் முகம் வேண்டாம். தாங்கள் ஓவியர் அவர்களைக் கேட்டு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். 'தபால்காரருக்கு இரண்டும் இடது ஷூதான், அது வேண்டுமென்றே துப்புக்காக வரைந்தது' என்று. கோதண்டராமன் சார் பெயருக்கே அனுப்பலாம். கம்பெனி முத்திரை வைத்துத் தட்டச்சு செய்து அனுப்பினால் இன்னும் நல்லது, அவர் முத்திரை இருந்தால் நம்புவார். என் கண் கெட்டுப்போகவில்லை என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி ஓவியர் பூவரசன் அவர்கள்தான்.

தங்கள் நேரத்தை எட்டுப் பக்கம் எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும். அச்சகத்தில் வேலை செய்கிறவர்கள், புத்தகம் கட்டுகிறவர்கள் அனைவரையும் ஆண்டவர் கைகால் சுகத்தோடு காப்பாராக. தங்கள் வீட்டில் எந்தப் பொருளும் தொலையாமல் இருக்கவும், தொலைந்தாலும் நீலக்குடைக்கு அடியில் கிடைக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஆம்பூர் வாசகி
(பெயர் வேண்டாம்)

பின்குறிப்பு, 7.8.1999

ஐயா, மேலே எழுதியிருப்பதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடவும். கோடு போட்டதை முக்கியமாக மறந்துவிடவும்.

இந்தக் கடிதத்தைச் சங்கீதா ஒடுகத்தூரில் போடவே இல்லை. "போட்டுட்டேன்டி, போட்டுட்டேன்" என்று பன்னிரண்டு நாளாகச் சொன்னாள், நேற்று டிபன் பையைக் கழுவும்போது அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முதல் பக்க மூலையில் இருக்கும் மஞ்சள் கறை எலுமிச்சை சாதம். அது துப்பு அல்ல.

நேற்றுக் காலை பெருமாள் அண்ணன் கேட்டுக்கு வந்தார். யாரும் கேட்கும் முன்பே ஒரு காலைத் தூக்கி, "மொதல்ல இதப் பாத்துக்கோ பாய், அப்புறம் பேசு" என்று சொல்லிவிட்டு ஒரு பார்சலைக் கொடுத்தார். மேலே 'முனவ்வர் பேகம், சூப்பர்வைசர்' என்று இருந்தது. தங்கள் பன்னிரண்டாவது புத்தகம்! அக்கா யாருக்கும் தெரியாமல் தங்களுக்கு எழுதித் தபாலில் வரவழைத்திருக்கிறார். சாப்பாட்டு மணி வரைக்கும் பொறுக்க முடியாமல், லைனை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லி, கடைசி அத்தியாயத்தை அவரே சத்தமாகப் படித்தார். நீலக்குடைக்காரர் இட்லிக்கடை அக்கா. பதினோரு புத்தகத்திலும் அவர் கடைக் கம்பத்தில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் குடையின் வளைந்த கைப்பிடி தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் அதைப் பதினோரு தடவையும் பார்த்தேன். தார் மாட்டும் கொக்கி, குறை ஒன்றும் இல்லை, என்று அம்பு ஒட்டாமல் விட்டுவிட்டேன். சங்கீதாவை இப்போது யாராலும் தாங்க முடியவில்லை. பஸ் டிரைவருக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. அவள் பெயரில் விடை அனுப்பியிருக்கலாமே என்றால், "நான் சொன்னப்ப சிரிச்சீங்க இல்ல?" என்கிறாள். அது நியாயம்தான்.

ஆனால் முனவ்வர் அக்கா பக்கத்தைத் திருப்பினார். 'ஓவியர் பேசுகிறார்' என்று பூவரசன் அவர்கள் எழுதியிருந்தது அங்கே இருந்தது. தாங்கள்தான் போட்டீர்கள், தங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுத ஆசையாக இருக்கிறது. தன்னுடைய அப்பா தபால்காரராக இருந்தவர் என்றும், அவருடைய பழைய ஏழாம் நம்பர் ஷூவை மேஜைமேல் வைத்துப் பார்த்துத்தான் கதையில் வரும் தபால்காரரை வரைந்ததாகவும், வலது ஷூவைத் தெருநாய் கவ்விக்கொண்டு போய்விட்டதால் இருந்த இடதையே இரண்டு தடவை வரைந்துவிட்டதாகவும், பதினோரு புத்தகம் வந்தும் ஆசிரியரோ அச்சகத்தாரோ வாசகர்களோ ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

முனவ்வர் அக்கா அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார். என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். கோதண்டராமன் சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார். மேஜைமேல் நின்ற வலது ஷூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாற்பத்தொண்ணு. ஏழாம் நம்பருக்கு ஜெர்மனி கணக்குல இதுதான்" என்றார். பிறகு கேட் பாஸ் புத்தகத்தை எடுத்தார். எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு ஊசி வெளியே போனாலும் அதில் காரணம் எழுத வேண்டும். ஒற்றை ஷூவுக்கு இதுவரை யாரும் பாஸ் எழுதியதில்லை. சார் காரணம் என்ற இடத்தில் 'ஜோடி சேர்க்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "போய் உன் மேஜையில உக்காரும்மா. மொத பெட்டி இது" என்றார்.

இன்று காலை பெருமாள் அண்ணனுக்கு ஜியாவுல்லா பாய் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் சொன்னார். அவர் அசையவில்லை. இந்த ஷூ ஒரு தபால்காரருடைய மகனுக்குப் போகிறது என்று நான் சொன்னேன். நானேதான், கேட்டில் நின்று, எல்லார் எதிரிலும். "நம்ம ஆளு ஷூவுக்கா?" என்று கேட்டுவிட்டு டீயைக் கீழே வைத்தார். "குடு. பெட்டிய நல்லாக் கட்டு. நானே கொண்டு போறேன்" என்றார். தன்னுடைய விசாரிப்பையும் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

எட்டுப் பக்கம் எழுதியதைக் கிழித்துப்போட மனம் வரவில்லை. அதனால் ஷூவுக்கு அடியிலேயே மடித்து வைக்கிறேன். ஷூவை ஓவியர் அவர்களிடம் சேர்த்துவிடவும். அவருடைய இடது பழையது, இது புதியது, நிறம் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருக்கும். எங்கள் மேஜையில் என்றால் இதை ஜோடி என்று விடமாட்டேன். இந்த ஒரு தடவை விடுகிறேன்.

பெயர் விஷயமாக மேலே ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தேன் அல்லவா? அதையும் மறந்துவிடவும். பெட்டிக்குள் 'செக்கர் 14' என்று ஒரு சீட்டு இருக்கும். அதற்குக் கீழே பேனாவால் ஒரு பெயர் எழுதியிருக்கிறேன். அப்படியே போடலாம்.